எட்ஜ், ஃபாக், கிளவுட்: ஐஓடி அமைப்பில் எந்த வேலையை எங்கே வைப்பது?

ஐஓடி (இணையத்தோடு இணைந்த கருவிகள்) திட்டத்துக்கான சென்சார்களை வாங்கியாயிற்று, பொருத்தவும் தொடங்கியாயிற்று. அதன்பிறகுதான் பலரும் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்: இவை அனுப்பும் தரவை எங்கே வைத்து அலசுவது? ஒரு விற்பனையாளர், எட்ஜ்தான், அதாவது கருவிக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் சரி என்கிறார். இன்னொருவர், வளாகத்துக்குள் ஒரு சர்வர் (ஃபாக்) இல்லாமல் காரியம் நடக்காது என்கிறார். மூன்றாமவர், எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பிவிடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். மூவரும் அவரவர் விற்பதைச் சொல்கிறார்கள், அதில் வியப்பில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எங்கள் திட்டத்துக்கு எட்ஜா, ஃபாகா?" என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒரே ஆலையில் ஒரு முடிவை மோட்டாருக்குப் பக்கத்திலேயே எடுத்தாக வேண்டும்; இன்னொன்றை மாதம் ஒருமுறை நிதானமாக கிளவுடில் எடுத்தால் போதும். வேலைவாரியாகப் பிரித்துக் கேட்டால் பெரும்பாலானவை கிளவுடிலேயே தங்கிவிடும். சில மட்டும் கீழே, கருவிகளுக்கு அருகே இறங்கும். இறங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வலுவான காரணம் வேண்டும். ஏனென்றால், கீழே இறக்கிய வேலை ஒவ்வொன்றும் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு பெட்டியாகிவிடுகிறது.

## எது எட்ஜ், எது ஃபாக்?

கிளவுடுக்கு விளக்கம் தேவையில்லை: தொலைவில் ஒரு டேட்டா சென்டர், பயன்படுத்தும் அளவுக்கு வாடகை. குழப்பம் மற்ற இரண்டில்தான்.

ஃபாக் கம்ப்யூட்டிங் என்ற கருத்தை ஐஓடி உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் சிஸ்கோ ஆய்வாளர்கள். 2012-இல் வெளியான அவர்களுடைய கட்டுரைதான் தொடக்கம். கருவிகளுக்கும் கிளவுடுக்கும் நடுவே செயலாக்கம், சேமிப்பு, நெட்வொர்க் மூன்றும் கொண்ட ஓர் அடுக்கு வேண்டும் என்றார்கள். 2015-இல் ஏஆர்எம், சிஸ்கோ, டெல், இன்டெல், மைக்ரோசாஃப்ட், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து ஓப்பன்ஃபாக் கூட்டமைப்பைத் தொடங்கின. அதன் கட்டமைப்பு ஆவணம் 2018-இல் ஐஇஇஇ 1934 என்ற தரநிலையாயிற்று. 2019-இல் அந்தக் கூட்டமைப்பு இண்டஸ்ட்ரியல் இன்டர்நெட் கன்சார்டியத்தோடு இணைந்தது. அதற்குப் பிறகு சந்தையில் ஃபாக் என்ற பெயர் மங்கிவிட்டது, பொருள் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று 'ஆன்-பிரெம் எட்ஜ்', 'எட்ஜ் கிளஸ்டர்' என்றெல்லாம் விலைப்பட்டியலில் வருபவை பலவும் பழைய கணக்கில் ஃபாக்தான்.

அதனால் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பெட்டி எத்தனை கருவிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிறது? தன்னுடைய சென்சாரையோ, தன்னோடு நேரடியாக இணைந்த சிலவற்றையோ மட்டும் பார்த்தால் அது எட்ஜ். ஒரு வளாகத்தில் உள்ள பல கேட்வேக்களின் (சென்சார்களின் தரவைத் திரட்டி மேலே அனுப்பும் பெட்டிகளின்) தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அது ஃபாக். இந்தக் கட்டுரை முழுக்க இந்தப் பொருளில்தான் இரண்டு சொற்களும் வருகின்றன.

## எவற்றை வைத்து அளப்பது?

முடிவுக்கான கெடு. தரவு வந்ததிலிருந்து எவ்வளவு நேரத்துக்குள் செயல் நடக்க வேண்டும்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்ப 10 மில்லிநொடி ஆகும். எவ்வளவு செலவழித்தாலும் இதைக் குறைக்க முடியாது. ரவுட்டர்கள், மொபைல் கோபுரம், சர்வரில் வரிசையில் நிற்பது எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் இது பல மடங்காகும். ஆனால் சராசரித் தாமதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சராசரி 50 மில்லிநொடி என்று காட்டும் இணைப்பில் ஆயிரத்தில் ஒரு செய்தி 3 நொடி கழித்து வரலாம். வால்வை மூட வேண்டிய செய்தி அந்த ஒன்றாக இருந்துவிட்டால் சராசரியால் பயனில்லை. கெடுவைச் சொல்லும்போது "எப்போதும் இதற்குள்" என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனிதர்களுக்குக் காயம் ஏற்படாமல் இயந்திரத்தை நிறுத்தும் வேலை இந்த மூன்று இடங்களில் எதற்கும் உரியதன்று. அது ஐஇசி 61508 போன்ற தரநிலைகளுக்கு உட்பட்ட பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. எட்ஜ் பெட்டியில் லினக்ஸ் ஓடுகிறது, வேகமாகவும் இருக்கிறது என்பதற்காக அவசர நிறுத்தத்தை அதில் எழுதிவைக்காதீர்கள்.

தரவின் அளவு. கணக்குப் போட்டுப் பார்க்காமல் "எங்களிடம் தரவு மிக அதிகம்" என்பவர்கள் நிறைய. நிமிடத்துக்கு ஒருமுறை 100 பைட் அனுப்பும் வெப்பநிலை சென்சார், நாளுக்கு 144 கேபி அனுப்புகிறது. அப்படி 1,000 சென்சார்கள் இருந்தாலும் நாளுக்கு 144 எம்பிதான். ஒரு கைபேசி இணைப்பே தாங்கும். இனி மறுபக்கம். மூன்று அச்சுகளில் நொடிக்கு 25,600 முறை, 16 பிட் துல்லியத்தில் அளக்கும் ஓர் அதிர்வு சென்சார் நாளுக்கு 13 ஜிபிக்கு மேல் தள்ளுகிறது. 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் ஒரு கேமரா 43 ஜிபி. 20 கேமரா என்றால் நாளுக்கு 860 ஜிபியைத் தாண்டும். ஓயாமல் 80 எம்பிபிஎஸ் அப்லோட் வேண்டும். ஒரே 'ஐஓடி' என்ற சொல்லுக்குள் இப்படி லட்சம் மடங்கு வேறுபாடு இருக்கிறது. பொதுவான அறிவுரை எதுவும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இணைப்பு அறுந்தால்? இணையம் இல்லாத இரண்டு மணி நேரத்தில் எது நின்றால் பரவாயில்லை, எது நிற்கவே கூடாது? என்னைக் கேட்டால் கெடுவைவிட இதுவே முக்கியமான அளவுகோல். வேகம் போதும் என்பதால் கிளவுடில் வைத்த பல வேலைகள், அறுபட்ட நாளில்தான் தவறான இடத்தில் இருப்பது தெரியவரும்.

சேர்த்துப் பார்க்க வேண்டியவை. ஒரு மோட்டார் சூடாகிறதா என்பதற்கு அந்த மோட்டாரின் தரவு போதும். ஒரு வரிசையில் உள்ள பத்து இயந்திரங்களில் எதை மெதுவாக்கினால் தேக்கம் தீரும் என்பதற்குப் பத்தின் தரவும் வேண்டும். நூறு ஆலைகளில் எந்த வகைப் பேரிங் சீக்கிரம் தேய்கிறது என்பதற்கு நூறின் தரவும் வேண்டும். எட்ஜ், ஃபாக், கிளவுட் மூன்றின் இயல்பான எல்லையும் இதே வரிசையில்தான் அமைகிறது.

பராமரிக்கும் கைகள். அந்த இடத்தில் யார் இருக்கிறார்? பெட்டி உறைந்துபோனால் போய் அணைத்துப் போட ஆள் உண்டா, அந்த ஆளுக்கு அது தெரியுமா?

தனியுரிமையும் ஓர் அளவுகோல்தான். முகமோ குரலோ தரவில் இருந்தால், அதை இடத்தைவிட்டு வெளியே அனுப்பாமல் எண்ணிக்கையை மட்டும் அனுப்புவது சட்டச் சிக்கலைக் குறைக்கும். மற்றபடி இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

## கிளவுட் மட்டும்

மெதுவாக மாறும் அளவுகள், சிறிய செய்திகள், மனிதர் பார்த்து முடிவெடுக்கும் அறிக்கைகள்: இவற்றுக்கு இதைவிட மலிவான, எளிமையான வழி இல்லை. ஒரே இடத்தில் மென்பொருளை மாற்றினால் போதும். பழைய தரவு முழுவதும் கையில் இருக்கும். நாளைக்குப் புதிய கேள்வி எழுந்தால் பழைய தரவின் மேலேயே அதைக் கேட்டுப் பார்க்கலாம். எட்ஜில் சுருக்கி அனுப்பியவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, கட்டணம் கணக்கிடும் முறை. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் ஐஓடி கோர் செய்திகளை 5 கேபி அலகுகளாக எண்ணுகிறது. மைக்ரோசாஃப்டின் அஸூர் ஐஓடி ஹப்பின் கட்டணத் திட்டங்களில் அந்த அலகு 4 கேபி. நீங்கள் 100 பைட் அனுப்பினாலும் ஒரு முழுச் செய்திதான். கேட்வேயில் 40 அளவீடுகளைச் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பினால் அந்தக் கணக்கு நாற்பதில் ஒரு பங்காகிவிடும். இதற்கு எட்ஜ் கம்ப்யூட்டிங் என்ற பெரிய பெயரெல்லாம் தேவையில்லை, கேட்வேயில் பத்து வரி நிரல் போதும். இரண்டாவது, இணைப்பை நிறுவும் செலவு. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாதுகாப்பான இணைப்பைத் திறக்கும் கருவி, 100 பைட் தரவுக்காகச் சில கேபி சான்றிதழ்ப் பரிமாற்றம் செய்கிறது. சிம் கார்டில் ஓடும் கருவிகளில் மாதாந்திர பில்லைப் பெருக்குவது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, தரவை உள்ளே அனுப்புவதற்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுப்பதற்கு உண்டு. பெரிய அளவில் தரவை வெளியே எடுக்கும்போதுதான் அது உறைக்கும் (நிறுவனத்தை விட்டே மாறுபவர்களுக்கு 2024 முதல் பெரிய கிளவுட் நிறுவனங்கள் இதைத் தள்ளுபடி செய்கின்றன).

நிறுவனம் மாற வேண்டிய நிலை வராது என்று நினைக்க வேண்டாம். கூகுள் தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்டில் மூடியது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவே வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது ஓராண்டு. கருவியின் ஃபர்ம்வேரிலேயே (கருவிக்குள் பதிந்த அடிப்படை மென்பொருளிலேயே) சேவையின் முகவரியைப் பதித்துவைத்திருந்தவர்களுக்கு அந்த ஓராண்டு எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிளவுடும் விழும். 2021 டிசம்பரில் ஏடபிள்யூஎஸ்ஸின் ஒரு பகுதி முடங்கியபோது ரிங் வாசல் கேமராக்களும் ரூம்பா துப்புரவு இயந்திரங்களின் செயலிகளும் பல மணி நேரம் தடுமாறின.

## எட்ஜ்

கெடு கடுமையானது, அல்லது மூலத் தரவு அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது, அல்லது இணைப்பை நம்ப முடியாது. இந்த மூன்றில் ஒன்று இருந்து, முடிவுக்குத் தேவையான தரவு அந்தக் கருவியிடமே இருந்தால் எட்ஜ் தெளிவான விடை.

எட்ஜ் என்றவுடன் விலையுயர்ந்த பெட்டியை நினைக்க வேண்டியதில்லை. இஎஸ்பி32 போன்ற சிறு சிப்பில் 520 கேபி நினைவகம்தான் உண்டு. ஆனாலும் அதிர்வு அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, இயல்புக்கு மாறானதா என்று சொல்ல அது போதும். அதற்கு மேலே ராஸ்பெரி பை வகைக் கணினிகள். வீடியோவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்விடியா ஜெட்சன் வகை. ஒவ்வொரு படியிலும் விலையோடு மின்சாரமும் சூடும் ஏறும். தூசி புகாத மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டிய இடத்தில் விசிறி இல்லாமல் அந்தச் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதை முதலில் யோசியுங்கள். தரவிலிருந்து கற்று முடிவு சொல்லும் மாடலின் துல்லியத்தைப் பிறகு பார்க்கலாம்.

எட்ஜின் உண்மையான செலவு வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

அப்டேட் அதில் முதன்மையானது. 300 பெட்டிகளுக்குப் புதிய மென்பொருள் அனுப்பும்போது நடுவில் மின்சாரம் போய்விட்டால், எழும்பாத பெட்டி ஒன்றுக்காக ஒருவர் ஏணியோடு கிளம்ப வேண்டும். சேமிப்பை இரண்டு பாகமாகப் பிரித்து, புதியது ஓடாவிட்டால் பழையதற்குத் தானாகத் திரும்பும் ஏற்பாடு இல்லாத பெட்டியை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

அடுத்தது பாஸ்வேர்ட். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் வீடியோ பதிவுக் கருவிகளையும் பெருமளவில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் அந்தப் படையைக் கொண்டு டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கியபோது பெரிய இணையதளங்கள் பலவும் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. சுவரில் தொங்கும் பெட்டியை யாரும் கையால் தொடலாம், மெமரி கார்டைக் கழற்றிப் போகலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி, மறையாக்கிய சேமிப்பு, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் தொடக்கம் என்று எல்லாம் வேண்டும்.

கடிகாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரணப் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்தில் 50 நொடி. ராஸ்பெரி பை 5-க்கு முந்தைய மாடல்களில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரமே கிடையாது. இணைப்பு இல்லாமல் எழும்பிய பெட்டி பழைய தேதியைப் போட்டு அளவீடுகளை எழுதத் தொடங்கும். இரண்டு பெட்டிகளின் பதிவுகளை வரிசைப்படுத்தி எது முதலில் பழுதானது என்று தேடும்போதுதான் இது தலைவலியாகும். மெமரி கார்டும் அப்படியே: ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தால் தேயும். தொழில்துறைத் தரச் சேமிப்பு வேண்டும், எழுதுவதையும் குறைக்க வேண்டும்.

கடைசியாக, எறிந்த தரவு. எட்ஜ் சுருக்கத்தை மட்டும் அனுப்புகிறது, மூலத்தை அழித்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து மாடலைப் புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டுமென்றால் எதை வைத்துப் பயிற்றுவிப்பது? மேலே சொன்ன அதிர்வு சென்சாரில் 10 நொடி மூலத் தரவு 1.5 எம்பிதான். நாளுக்குச் சில முறை, சந்தேகம் எழும்போதெல்லாம் கூடுதலாக, அப்படி ஒரு துண்டை கிளவுடுக்கு அனுப்பிவைப்பது பின்னால் பெரிதும் கைகொடுக்கும்.

## ஃபாக்

மூன்றில் அதிகம் விற்கப்படுவதும் குறைவாகத் தேவைப்படுவதும் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் தேவைப்படும் இடத்தில் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது.

இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று, பல கருவிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு எடுக்க முடியும். இரண்டு, அந்த முடிவு கிளவுடுக்குப் போய்வரும் வரை காத்திருக்க முடியாது, அல்லது இணையம் அறுந்தாலும் நிற்கக் கூடாது. கிடங்கில் ஓடும் தானியங்கி வண்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எதிரே ஆள் வந்தால் நிற்பது வண்டியின் சொந்த வேலை. சந்திப்பில் எந்த வண்டி முதலில் போவது என்பதற்கு எல்லா வண்டிகளின் இடமும் தெரிய வேண்டும், அது ஃபாக். வாரம் முழுவதும் எந்தப் பாதையில் நெரிசல் என்று அலசுவது கிளவுட்.

இரண்டு நிபந்தனைகளில் ஒன்று மட்டும் இருந்தால் யோசியுங்கள். சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆனால் அவசரமில்லை என்றால் கிளவுடிலேயே சேர்க்கலாம். அவசரம் உண்டு, சேர்க்க வேண்டியதில்லை என்றால் எட்ஜ் போதும். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரே கட்டடத்தில் பல கேமராக்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வைப்பதைவிட ஒரு சர்வரில் ஒரு ஜிபியுவை (வீடியோவை வேகமாக அலசும் சிப்) பகிர்ந்துகொள்வது பராமரிப்பில் மலிவு. இருபது பெட்டிகளுக்குப் பதில் ஒன்றை அப்டேட் செய்தால் போதும்.

அந்த 'ஒன்று'தான் ஃபாகின் பலவீனமும். அது விழுந்தால் வளாகம் முழுவதும் விழும். மாற்றாக இன்னொரு சர்வர் வைத்தால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். கே3எஸ் போன்ற சிறிய குபர்நெட்டிஸில்கூட (பல சர்வர்களில் நிரல்களைப் பகிர்ந்து ஓட்டும் மென்பொருள்), அதன் உள்ளமைந்த தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால், ஒரு சர்வர் விழுந்தாலும் தொடர்ந்து ஓட மூன்று சர்வர்கள் வேண்டும். பெரும்பான்மை இருந்தால்தான் அது முடிவெடுக்கும், இரண்டில் ஒன்று பெரும்பான்மை ஆகாது. ஆக, ஒரு பெட்டி என்று தொடங்கிய திட்டம் மூன்று சர்வர், இரண்டு சுவிட்ச், யுபிஎஸ், குளிரூட்டிய அலமாரி என்று முடியும். அதோடு குபர்நெட்டிஸ் தெரிந்த ஒருவர் வேண்டும். வேலைக்கு ஆள் தேடும் செலவு எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.

கொள்ளளவும் நிலையானது. கிளவுடில் நாளைக்கு இரண்டு மடங்கு வேண்டுமென்றால் வாடகையைக் கூட்டினால் போதும். வளாகத்து சர்வரில் வாங்கி, கொண்டுவந்து, பொருத்த வேண்டும். பழைய இயந்திரங்களோடு பேசுவதும் எளிதன்று. 1979-இல் வந்த மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை இன்னும் ஆலைகளில் ஓடுகிறது. புதியவை ஓபிசி யுஏ பேசும். கேட்வேக்கள் எம்க்யூடிடி பேசும். இவற்றுக்கு நடுவே மொழிபெயர்க்கும் நிரலை எழுதுவதும் சோதிப்பதும்தான் ஃபாக் திட்டங்களில் நாட்களை விழுங்கும் வேலை.

பிறகு பூட்டு. கீழே உள்ள பெட்டிகளில் ஓடும் மென்பொருள்களான ஏடபிள்யூஎஸ் கிரீன்கிராஸும் அஸூர் ஐஓடி எட்ஜும் நன்றாக ஓடுபவைதான், ஆனால் அந்தந்த கிளவுடோடு கட்டுண்டவை. எட்ஜ்எக்ஸ் ஃபவுண்ட்ரி, குப்எட்ஜ், கே3எஸ் போன்ற திறந்த மென்பொருள்கள் கட்டவிழ்ந்தவை, ஆனால் பழுதானால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆள்பலம் குறைந்த குழுவுக்கு முதல் வகையே நல்லது என்பேன். பூட்டைவிட, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி பெரிது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கிளவுட் மட்டும் | எட்ஜ் | ஃபாக் |
|---|---|---|---|
| கெடு | நொடிகள் முதல் நாட்கள் | மில்லிநொடிகள் | பத்து மில்லிநொடி அளவு முதல் நொடிகள் |
| மூலத் தரவு | சிறியது | மிகப் பெரியது, உடனே சுருக்கக்கூடியது | பெரியது, வளாகத்துக்குள் சுற்றக்கூடியது |
| இணையம் அறுந்தால் | நிற்கும் | தன் வேலையைத் தொடரும் | வளாகம் தொடரும், உள் நெட்வொர்க் இருக்கும்வரை |
| சேர்த்துப் பார்ப்பது | எல்லா இடங்களும் | தன்னை மட்டும் | ஒரு வளாகம் |
| தொடக்கச் செலவு | குறைவு | கருவிக்குக் கருவி ஏறும் | அதிகம், ஒரே மூச்சில் |
| மறைந்த செலவு | செய்தி அலகு, வெளியே எடுக்கும் கட்டணம் | அப்டேட், திருட்டு, கடிகாரம் | மாற்று சர்வர்கள், திறமையான ஆள் |
| தோல்வி எப்படி இருக்கும் | எல்லா இடமும் ஒரே நேரத்தில் | ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் | ஒரு வளாகம் முழுவதும் |

கடைசி வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எட்ஜ் பெட்டி ஒன்று இறந்தால் யாருக்கும் உடனே தெரியாது. அதன் வரைபடத்தில் கோடு நேராக ஓடுவதை யாராவது கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லாமல் போனால் எச்சரிக்கை எழுப்பும் ஏற்பாட்டை முதல் நாளே வையுங்கள். எம்க்யூடிடியில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு: கருவி திடீரென்று காணாமல் போனால், அது முன்கூட்டியே கொடுத்துவைத்த 'கடைசிச் செய்தி'யை புரோக்கரே (நடுவில் நின்று செய்திகளைப் பகிரும் சர்வர்) மற்றவர்களுக்கு அறிவித்துவிடும்.

## எந்த நிலையில் எது?

குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையைக் கண்காணிப்பது கிளவுட் வேலை. அளவு மெதுவாக மாறுகிறது, நடவடிக்கை எடுப்பது மனிதர். ஆனால் அபாய மணியை மட்டும் கிளவுடை நம்பி விடக் கூடாது. எல்லை தாண்டினால் அங்கேயே ஒலிக்கும் ஒரு சாதாரண மணி, கேட்வேயில் இரண்டு நாள் தரவைத் தேக்கிவைக்கும் இடம், இவ்வளவு போதும். இதற்கு யாராவது ஃபாக் சர்வர் விற்க வந்தால் கதவைக் காட்டலாம்.

தொலைவில் தனித்தனியாக நிற்கும் நீரேற்று நிலையங்களுக்கு எட்ஜ். தொட்டி நிரம்பினால் பம்பை நிறுத்துவது அங்கேயே நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் பல கி.மீ. தள்ளி இருப்பதால், சேர்த்துப் பார்க்க ஒரு 'வளாகம்' என்பதே அங்கே இல்லை. ஓடும் வண்டிகளுக்கும் இதே கதைதான்.

பேரிங் தேய்மானத்தை முன்கூட்டியே அறிவதற்கு எட்ஜும் கிளவுடும் சேர்ந்த ஏற்பாடு: அலையைச் சுருக்குவது கீழே, நூறு இயந்திரங்களை ஒப்பிட்டு மாடலைத் திருத்துவது மேலே. நடுவில் எதுவும் வேண்டாம்.

பெரிய கட்டடத்தின் மின்சாரம், குளிரூட்டல் மேலாண்மையில்தான் முடிவு உண்மையிலேயே கடினம். அறைவாரித் தரவைச் சேர்க்க வேண்டும். ஆனால் ஐந்து நிமிடம் தாமதித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஃபாகின் முதல் நிபந்தனை இருக்கிறது, இரண்டாவது அரைகுறை. இங்கே நான் கிளவுட் பக்கம் சாய்வேன். கட்டடத்தில் ஏற்கெனவே உள்ள கட்டுப்பாட்டுக் கருவிகள், இணைப்பு அறுந்தால் கடைசியாகப் பெற்ற அட்டவணைப்படி ஓடக்கூடியவையா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவை ஓடாது என்றால் கணக்கு மாறும்.

மருத்துவமனை வார்டு, துறைமுகம், சுரங்கம் போன்றவற்றில் அவசரமும் உண்டு, பல கருவிகளைச் சேர்த்துப் பார்க்கவும் வேண்டும், இணைப்பும் நம்பிக்கைக்குரியதாக இருப்பதில்லை. ஃபாக் தன் செலவுக்குப் பதில் சொல்லும் இடங்கள் இவை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கோபுரங்களுக்கு அருகே வாடகைக்குத் தரும் செயலாக்க வசதியும் உண்டு. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான இடிஎஸ்ஐ (ETSI) 2014 முதல் இதற்குத் தரநிலை வகுத்துவருகிறது. சொந்த சர்வர் வேண்டாம் என்பது லாபம். ஆனால் கோபுரத்துக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள இணைப்பு அறுந்தால் அதுவும் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

## இன்னும் தீர்மானிக்க முடியவில்லை என்றால்

கிளவுடில் தொடங்குங்கள், ஆனால் நாளைக்கு இடம் மாற்றக்கூடிய விதத்தில் எழுதுங்கள். செயலாக்க நிரல் கன்டெய்னருக்குள் (எந்த சர்வருக்கும் அப்படியே நகர்த்தக்கூடிய மென்பொருள் பொதி) இருக்கட்டும். தரவு எம்க்யூடிடி வழியாகவே வரட்டும். கருவியில் பதியும் முகவரி உங்கள் சொந்த டொமைனாக இருக்கட்டும், சேவை நிறுவனத்தினுடையதாக வேண்டாம். இந்த மூன்றும் இருந்தால் ஒரு வேலையை கிளவுடிலிருந்து வளாகத்துக்கு இறக்குவது சில வாரங்களில் முடியும். இல்லாவிட்டால் அது ஒரு புதிய திட்டம்.

வாங்குவதற்கு முன், விற்பவரிடம் செய்துகாட்டச் சொல்ல வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பத்து கருவிகளைப் பொருத்தி ஓடவிட்டு, இணைய இணைப்பை இரண்டு நாள் கழற்றிவைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருமுறை மின்சாரத்தையும் நிறுத்துங்கள். பிறகு இணைத்துவிட்டுப் பாருங்கள். தேங்கிய தரவு முழுவதும் வருகிறதா? அஸூர் ஐஓடி எட்ஜின் வழக்கமான முன்னமைப்பில், தேங்கிய செய்திகள் 7,200 நொடி, அதாவது 2 மணி நேரம்தான் வைத்திருக்கப்படும். மாற்றாமல் விட்டால் மிச்சம் 46 மணி நேரத்துத் தரவு போனதுதான். வந்த தரவில் நேரமுத்திரை சரியாக இருக்கிறதா, அல்லது எல்லாம் இணைத்த நிமிடத்தின் நேரத்தோடு வந்து குவிகிறதா? ஒரே அளவீடு இரண்டு முறை வந்திருக்கிறதா? எம்க்யூடிடியின் 'குறைந்தது ஒருமுறை' முறையில் இரட்டிப்பு வருவது இயல்பு; அதை வடிகட்டும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தும் ஒரே நேரத்தில் தேக்கத்தைக் கொட்டும்போது புதிய, அவசரமான செய்தி ஒன்று வரிசையில் பின்னால் மாட்டிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பத்து கருவிகளிலேயே அது மாட்டிக்கொண்டால், முன்னுரிமை வரிசை இல்லாத அந்த மென்பொருளை ஆயிரம் கருவிகளுக்கு வாங்குவதில் பொருளில்லை.